நூலகப் பட்டியலில் புண்படுத்தும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகப் பட்டியலில் காலாவதியான, இழிவான சொற்கள் இருந்தால் என்ன செய்வது? நூலகர்களும் மாணவர்களும் வாசகர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள் உள்ளன. எடுத்துக்காட்டுகளில் பல அமெரிக்காவைச் சேர்ந்தவை. இந்தச் சண்டை அங்கேதான் நீண்ட காலமாக, வெளிப்படையாக நடந்திருக்கிறது. நம் பட்டியல்களுக்கும் அங்கிருந்தே பல தலைப்புகள் வருகின்றன.

பட்டியல் என்பது ஆசிரியர் பெயர், நூல் பெயர், பக்க எண்ணிக்கைதானே? அதில் புண்படுத்த என்ன இருக்கிறது?

ஒரு நூலின் பட்டியல் பதிவை உற்றுப் பார்த்தால் அதில் இரண்டு குரல்கள் கேட்கும். நூலின் முகப்புப் பக்கத்தில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதும் பகுதி ஒன்று. நூல் பெயர், ஆசிரியர், பதிப்பகம் எல்லாம் அதில் அடங்கும். இங்கே பேசுவது நூல்.

இரண்டாவது பகுதியை நூலகமே எழுதுகிறது. "இந்த நூல் எதைப் பற்றியது" என்று சொல்லும் பொருள் தலைப்பு, சுருக்கக் குறிப்பு, ஆவணமாக இருந்தால் அதன் விவரணை, படமாக இருந்தால் அதன் கீழே உள்ள வரி. இவை எதுவும் நூலில் அச்சாகியிருக்காது. யாரோ ஒரு பட்டியலாளர் தேர்ந்தெடுத்த சொற்கள் அவை. ஒரு சமூகத்தை இழிபெயரால் சுட்டுவதும், ஒரு நோயாளியை அவர் நோயின் பெயராலேயே அழைப்பதும், ஒரு படுகொலையைக் கலவரம் என்று எழுதுவதும் இந்த இரண்டாம் பகுதியில்தான் நடக்கின்றன. அங்கே பேசுவது நூலகம். அதனால் பொறுப்பும் நூலகத்துடையதே. கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

எங்கள் நூலகத்தில் யாரும் அப்படி எழுதவில்லையே. எங்கிருந்து வருகின்றன இந்தச் சொற்கள்?

பெரும்பாலும் நகலெடுப்பின் வழியாக. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 1898இல் தொடங்கி வளர்த்துவரும் பொருள் தலைப்புப் பட்டியலில் இன்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள் உள்ளன. உலகெங்கும் பல்கலைக்கழக நூலகங்கள் அதையே எடுத்தாள்கின்றன. அந்த நூலகத்துக்கு 1960களிலிருந்து புது தில்லியில் ஒரு கிளை அலுவலகமும் இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ அச்சாகும் ஒரு தமிழ் நாவல் அந்த அலுவலகம் வழியாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போகும்போது அந்தப் பட்டியலில் உள்ள ஆங்கிலத் தலைப்புகள் அதற்குச் சூட்டப்படுகின்றன. அதே பதிவை இணையம் வழியாக நம் ஊர்க் கல்லூரி நூலகம் இறக்கிக்கொள்ளும்போது அந்தச் சொற்களும் கூடவே திரும்பி வருகின்றன.

இதில் தவறேதும் இல்லை. ஒரே நூலுக்கு நூறு நூலகங்கள் நூறு தடவை பட்டியல் எழுதுவது வீண் வேலை. ஆனால் ஒரு இடத்தில் விழுந்த தவறான சொல் ஆயிரம் இடங்களுக்குப் பரவுவதும் இதே வழியில்தான்.

இது சமூக ஊடகக் காலத்தில் கிளம்பிய புதுப் பிரச்சினைதானே?

இல்லை. வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம் கறுப்பின மக்களுக்கான கல்வி நிறுவனமாகப் பெயர் பெற்றது. 1930இல் அங்கே கறுப்பின மக்கள் பற்றிய நூல் தொகுப்பின் பொறுப்பை டோரத்தி போர்ட்டர் ஏற்றார். மற்ற நூலகங்கள் இத்தகைய நூல்களை எங்கே வைக்கின்றன என்று பார்த்தார். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி தசம வகைப்பாட்டில் அவற்றுக்கு இரண்டே இடங்கள்தான் கொடுத்திருந்தார்கள்: குடியேற்றத்துக்கான 325, அடிமை முறைக்கான 326. ஒரு கறுப்பினக் கவிஞர் எழுதிய கவிதை நூல்கூடக் கவிதைக்குரிய இடத்துக்குப் போகாமல் குடியேற்றத்தின் கீழ் போய் உட்கார்ந்தது. போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையிலும் வரலாற்றை வரலாற்றிலும் வைக்கும் சொந்த ஒழுங்கு ஒன்றை உருவாக்கினார். இன்று கறுப்பின வரலாற்று ஆய்வாளர்கள் தேடிப் போகும் பெரும் தொகுப்புகளில் அதுவும் ஒன்று.

அடுத்தவர் சான்ஃபோர்ட் பெர்மன். அமெரிக்கரான இவர் ஜாம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தார். காங்கிரஸ் நூலகப் பட்டியலில் இருந்த "காஃபிர்ஸ்" என்ற தலைப்பு தென்னாப்பிரிக்க மக்களுக்கு எவ்வளவு கொடிய வசை என்பதை அங்கேதான் அவர் தெரிந்துகொண்டார். பட்டியல் முழுவதையும் அந்தக் கண்ணோடு படித்து, மக்களைப் பற்றிய தலைப்புகளில் எவையெல்லாம் தவறு, எதற்குப் பதில் எதை வைக்கலாம் என்று ஒவ்வொன்றாக வாதாடி 1971இல் நூலாகவே வெளியிட்டார். பிறகு மினசோட்டா மாநிலத்தின் ஹென்னபின் மாவட்ட நூலகத்தில் 1973 முதல் 1999 வரை பட்டியல் துறைத் தலைவராக இருந்து, காங்கிரஸ் நூலகம் மாற்றும்வரை காத்திராமல் தன் பட்டியலைத் தானே திருத்தினார். அவர் கேட்ட மாற்றங்களில் கணிசமானவற்றைக் காங்கிரஸ் நூலகம் பிற்காலத்தில் செய்தது. "நீக்ரோக்கள்" என்ற தலைப்பு 1970களின் நடுவில் போனது. "ஜிப்ஸிகள்" 2001இல் "ரோமானியர்" ஆனது. இது ருமேனியா நாட்டவரைக் குறிப்பதன்று. ரோமா மக்களை அவர்களது பெயராலேயே அழைக்கும் சொல்.

"இல்லீகல் ஏலியன்ஸ்" விவகாரம் என்ன? ஏன் அதைப் பற்றி இவ்வளவு பேச்சு?

ஒரு சொல்லை மாற்ற ஏழாண்டுகள் ஆனதும், நடுவில் நாடாளுமன்றமே குறுக்கே வந்ததும்தான் காரணம். விரிவாகவே சொல்ல வேண்டிய கதை இது.

அமெரிக்காவில் உரிய ஆவணங்கள் இல்லாமல் வாழும் குடியேறிகளைப் பற்றிய நூல்களுக்குக் காங்கிரஸ் நூலகம் வைத்திருந்த தலைப்பு "இல்லீகல் ஏலியன்ஸ்", அதாவது சட்டவிரோத அந்நியர்கள். டார்ட்மத் கல்லூரியில் படித்த சில மாணவர்கள், அவர்களில் ஆவணமற்ற குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு, தங்கள் வாழ்க்கையைப் பற்றியே ஆய்வு செய்ய நூலகத்தில் தேடியபோது ஒவ்வொரு நூலின் கீழும் இந்தச் சொல்லைக் கண்டார்கள். ஒரு செயலைச் சட்டவிரோதம் என்று சொல்லலாம். ஒரு மனிதரையே சட்டவிரோதமானவர் என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் கேள்வி. கல்லூரி நூலகர்களுடன் சேர்ந்து 2014இல் முறைப்படி மாற்றம் கோரினார்கள். அது சட்டத்தில் உள்ள சொல் என்று கூறிக் காங்கிரஸ் நூலகம் அந்த ஆண்டின் இறுதியில் மறுத்துவிட்டது.

அவர்கள் விடவில்லை. 2016 ஜனவரியில் அமெரிக்க நூலகச் சங்கம் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. மார்ச் மாதம் காங்கிரஸ் நூலகம் மனம் மாறி, தலைப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. அப்புறம்தான் அரசியல் நுழைந்தது. இந்த மாற்றத்தைத் தடுக்க நாடாளுமன்றக் கீழவையில் மசோதா கொண்டுவந்தார்கள். நூலகத்துக்கான நிதி ஒதுக்கீட்டோடு சேர்த்தும், சட்டத்தில் உள்ள சொல்லே தலைப்பில் இருக்க வேண்டும் என்று அழுத்தம் வந்தது. ஒரு நூலகத் தலைப்பில் நாடாளுமன்றம் இப்படித் தலையிட்டது மிக அரிது. அறிவித்த மாற்றம் ஐந்தாண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 2021 நவம்பரில்தான் "ஏலியன்ஸ்" என்பதை "நான்சிட்டிசன்ஸ்" என்றும், "இல்லீகல் ஏலியன்ஸ்" என்பதை "நான்சிட்டிசன்ஸ்", "இல்லீகல் இமிக்ரேஷன்" என்ற இரு தலைப்புகளாகவும் மாற்றினார்கள். மனிதர்களை விட்டு அந்த அடைமொழி இறங்கியது. ஆனால் "இல்லீகல்" பட்டியலில் தங்கிவிட்டது என்று மாணவர்கள் தரப்பில் அதிருப்தி இருந்தது, அது நியாயமான அதிருப்தி என்றே நினைக்கிறேன்.

இதிலிருந்து ஒன்று முக்கியமாகத் தெரிகிறது. பல அமெரிக்க நூலகங்கள் இந்த இடைவெளியில் சும்மா இருக்கவில்லை. உள்ளே பதிவில் பழைய தலைப்பை வைத்துக்கொண்டே, வாசகர் காணும் திரையில் மட்டும் வேறு சொல் தெரியுமாறு தங்கள் மென்பொருளை அமைத்துக்கொண்டன. காங்கிரஸ் நூலகம் மாற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்த நூலகத்துக்கும் இல்லை.

வசைச் சொல் இல்லாவிட்டால் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மிகவும் சாதுவான சொற்கள்தான் சில நேரம் அதிகம் மறைக்கின்றன. 1921இல் ஓக்லஹோமா மாநிலம் டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களின் கிரீன்வுட் பகுதியையே எரித்துச் சாம்பலாக்கியது. காங்கிரஸ் நூலகப் பட்டியலில் அது "இனக் கலவரம்" என்று இருந்தது. கலவரம் என்றால் இரு தரப்பும் அடித்துக்கொண்டது போல ஒலிக்கும். சம்பவம் நடந்து நூறாண்டு நிறைந்த 2021இல்தான் அது "இனவெறிப் படுகொலை" என்ற பொருளில் திருத்தப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு வீட்டைவிட்டு வெளியேற்றி முள்வேலி முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அதற்கான தலைப்பு நெடுங்காலம் "வெளியேற்றமும் மறுகுடியமர்த்தலும்" என்றிருந்தது. வெள்ளத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றி மேட்டில் குடிவைத்தது போல! அரசு தன் செயலுக்கு வைத்துக்கொண்ட பெயரை நூலகம் கேள்வி கேட்காமல் எழுதியதன் விளைவு இது. இப்போது "கட்டாய அகற்றலும் தடுத்துவைப்பும்" என்ற பொருளில் மாற்றியிருக்கிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. 1970கள்வரை மருத்துவர்களுக்கு ஒரு தலைப்பு, "மருத்துவராகப் பெண்கள்" என்று தனியாக ஒரு தலைப்பு. பெண் மருத்துவம் பார்ப்பதை வேடிக்கை போலக் காட்டிய அமைப்பு அது.

நூலின் பெயரிலேயே புண்படுத்தும் சொல் இருந்தால்? அதையும் மாற்றலாமா?

ஒருபோதும் கூடாது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் தொடங்கிய இதழுக்கு "பறையன்" என்று பெயர் வைத்தார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரைத் தலை நிமிர்ந்து தன் இதழுக்குச் சூட்டிய செயல் அது. நல்லெண்ணத்தோடு ஒரு பட்டியலாளர் அந்தப் பெயரைத் திருத்தினால் அந்தத் துணிச்சலையே அழித்தவர் ஆவார். ஆய்வாளருக்கும் இதழ் கிடைக்காது.

இழிவுபடுத்தும் நோக்கோடு பெயர் வைத்த நூலுக்கும் இதே விதிதான். அந்தப் பெயர் ஆசிரியரின் செயலுக்குச் சான்று. அதை மறைத்தால் அவரைக் காப்பாற்றியதாகவே ஆகும். ஆனால் அதே நூலுக்கு நூலகம் எழுதும் பொருள் தலைப்பிலும் சுருக்கத்திலும் ஆசிரியரின் சொல்லை எடுத்து நூலகத்தின் சொல்லாக ஆக்கக்கூடாது. பட்டியல் மென்பொருளில் ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் உண்டு; அந்தக் கணக்கில் சொன்னால் நூல் பெயருக்கான 245ஐத் தொடாதீர்கள். பொருள் தலைப்புக்கான 650ஐயும் சுருக்கக் குறிப்புக்கான 520ஐயும் பாருங்கள்.

இப்படி மாற்றுவது வரலாற்றை அழிப்பது ஆகாதா?

நேர்மையான கேள்வி இது, கேட்பவர்களை எதிரிகளாகப் பார்க்க வேண்டியதில்லை. நூல் அலமாரியில் அப்படியே இருக்கிறது, அதன் ஒரு எழுத்தும் மாறவில்லை. மாறுவது அதை வாசகரிடம் அறிமுகப்படுத்தும் வரி. அறிமுக வரியை நூலகங்கள் எப்போதுமே மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கின்றன. நாடுகளின் பெயர் மாறினால் தலைப்பு மாறும், அறிவியல் பெயர் மாறினால் தலைப்பு மாறும். அப்போதெல்லாம் வரலாறு அழிகிறது என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு உண்மையும் இருக்கிறது. பட்டியலும் ஒரு ஆவணம்தான். எந்த ஆண்டுவரை ஒரு நூலகம் ஒரு சமூகத்தை எப்படி அழைத்தது என்பதே நாளைக்கு ஆய்வுப் பொருளாகும். அதனால் பழைய விவரணையைத் தடமில்லாமல் அழித்துவிட்டு, என்றுமே நல்ல சொல் பேசியவர்கள் போல நடந்துகொள்வதும் தவறு. மாற்றுவதற்கு முன் பழைய பதிவுகளை ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். எந்தச் சொல், எதுவாக, எந்தத் தேதியில், ஏன் மாறியது என்று ஒரு பதிவேடு வையுங்கள். ஆவணக்காப்பகமாக இருந்தால் திருத்தம் செய்ததை விவரணையிலேயே ஒரு வரியில் சொல்லுங்கள்.

பழைய சொல்லைக் கொண்டு தேடுபவருக்கு நூல் கிடைக்காமல் போகுமே?

போகாது, வேலையை முறையாகச் செய்தால். அட்டைப் பட்டியல் காலத்தில் "காண்க" அட்டை இருந்தது நினைவிருக்கும். பழைய பெயரின் இடத்தில் ஒரு அட்டை, அதில் புதிய பெயரைக் காண்க என்ற வழிகாட்டல். கணினியில் அந்த வேலையைத் தலைப்புக் கட்டுப்பாட்டுப் பதிவு செய்கிறது. 150 என்ற புலத்தில் ஏற்ற சொல், 450 என்ற புலத்தில் கைவிட்ட சொற்கள். வாசகர் பழைய சொல்லைத் தட்டினாலும் புதிய தலைப்பின் கீழ் உள்ள நூல்கள் வந்து நிற்கும். திரையில் பழைய சொல் தெரிய வேண்டியதுகூட இல்லை.

இது வெறும் வசதிக்காகச் சொல்வதன்று. 1920களின் பத்திரிகைகளை ஆராயும் மாணவருக்கு அந்தக் காலத்துச் சொல்தான் தெரியும், முதியவர் ஒருவருக்குத் தாம் இளமையில் படித்த சொல்தான் தெரியும். அவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று 1931இல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் எழுதிய விதி அவர்களையும் சேர்த்துத்தான்.

எந்தச் சொல் சரி என்று யார் முடிவு செய்வது?

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றிலேயே கடினமான கேள்வி இதுதான். சட்டத்தில் உள்ள சொல் போதும் என்று சொல்ல முடியாது. "இல்லீகல் ஏலியன்ஸ்" சட்டத்தில் இருந்த சொல்தான். அறிஞர்கள் சொன்னால் போதும் என்றும் சொல்ல முடியாது. யாரைப் பற்றிய சொல்லோ அவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்பதில் தொடங்க வேண்டும்.

நமக்கு இது அந்நியமான எண்ணம் இல்லை. 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தையடுத்து, அரசு ஆவணங்களில் பஞ்சமர், பறையர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுத ஆணை வந்தது. சம்பந்தப்பட்ட மக்களின் பிரதிநிதி கேட்டு, அரசின் விவரணைச் சொல் மாறிய நிகழ்ச்சி அது. நூறாண்டுக்கு முன்பே நம் மண்ணில் நடந்திருக்கிறது.

ஆனால் ஒரு சமூகத்துக்குள் ஒரே கருத்துதான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதே "பறையர்" என்ற பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். "அரிஜன்" காந்தியால் பரவிய சொல். இன்று பலர் அதை இழிவாகவே கருதுகிறார்கள். "தலித்" போராட்டத்தில் பிறந்த பெயர். ஆனால் 2018இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்கள் அதைத் தவிர்த்துப் பட்டியல் சாதி என்றே சொல்லும்படி அறிவுறுத்தியது. எழுத்தாளர்களும் இயக்கங்களும் அதை எதிர்த்தார்கள். ஒரு பட்டியலாளர் இதில் எந்தப் பக்கம் போவது? நூல் எந்தச் சூழலைப் பற்றியது என்று பார்க்கலாம். தலித் இலக்கியம் பற்றிய நூலுக்குத் தலித் இலக்கியம் என்பதே சரி. இட ஒதுக்கீட்டுச் சட்டம் பற்றிய நூலுக்குப் பட்டியல் சாதியினர் என்பது பொருந்தும். ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் வரலாறு என்றால் அந்தச் சமூகத்தின் பெயரே வேண்டும். எல்லோரையும் ஒரே பொதுப்பெயருக்குள் தள்ளுவதும் ஒரு வகை மறைப்புதான். எதைத் தேர்ந்தாலும் மற்றவற்றைக் "காண்க" வழியில் இணைத்துவிடுங்கள்.

இன்று மாற்றும் சொல் பத்தாண்டில் பழசாகிவிடாதா?

ஆகலாம். 2008இல் தமிழ்நாடு அரசு அமைத்த நல வாரியத்தின் பெயரிலேயே "அரவாணிகள்" என்றுதான் இருந்தது. அன்று அது முன்னேற்றமான சொல். இன்று திருநங்கை, திருநர் என்கிறோம். "ஊனமுற்றோர்" மாற்றுத்திறனாளிகள் ஆனார்கள். தலைப்பைத் திருத்துவதை ஒருமுறை முடித்துவிட்டுக் கைகழுவும் திட்டமாக நினைத்தால்தான் இது சலிப்பாகத் தெரியும். புதிய நூல் வாங்குவது, கிழிந்த நூலைத் தைப்பது போல இதுவும் நூலகத்தின் அன்றாட வேலை.

ஆவணங்கள், பழைய படங்கள் விஷயத்தில் என்ன வேறுபாடு?

அங்கே பொறுப்பு இன்னும் கூடுதல். அச்சு நூலுக்குப் பெயராவது இருக்கிறது. பெட்டியில் கிடக்கும் கடிதக் கட்டுக்கும் பெயரில்லாப் படத்துக்கும் காப்பகம் எழுதுவதுதான் பெயர்.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் 2015வாக்கில் தன் பட்டியலில் உள்ள காலனிக் காலச் சொற்களைத் திருத்தத் தொடங்கியது. சிமோன் மாரிஸ் 1906வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்று "நீக்ரோச் சிறுமி" என்ற பொருளில் பட்டியலில் இருந்தது. அதை "விசிறியுடன் ஓர் இளம்பெண்" என்று மாற்றினார்கள். பின்னர் அவள் பெயர் இசபெல்லா என்று தெரிந்து, இப்போது ஓவியம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நல்ல சொல்லைத் தேடுவதைவிட ஒருபடி மேலே போய் ஆளின் பெயரைத் தேடியிருக்கிறார்கள். நம்மிடம் உள்ள காலனிக் காலப் படங்களிலும் இதே நிலைதான். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த "தி பீப்பிள் ஆஃப் இந்தியா" போன்ற வெளியீடுகளில் ஒரு முகம், அதற்குக் கீழே ஒரு சாதிப் பெயர், கூடவே அந்தச் சாதியின் குணம் பற்றிய ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை அப்படியே எண்ணிமப் பட்டியலுக்கு ஏற்றினால் பிரிட்டிஷ் அதிகாரியின் வேலையை நாம் தொடர்கிறோம் என்றே பொருள்.

குற்றப் பரம்பரைச் சட்டம் பற்றிய ஆவணங்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 1871இல் வடக்கே தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த அந்தச் சட்டம் பிறப்பை வைத்தே ஒருவரைக் குற்றவாளி ஆக்கியது. பிரமலைக் கள்ளர், குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் கைரேகையும் இரவு வருகைப் பதிவுமாக அல்லல்பட்டன. 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதும் சட்டம் போனது. அரசாணையின் தலைப்பில் "குற்றப் பரம்பரை" என்று இருந்தால் அது இருக்கட்டும். சட்டத்தின் பெயர் அது. ஆனால் காப்பகம் தன் விவரணையில் "குற்றப் பரம்பரையினர் பற்றிய கடிதங்கள்" என்று எழுதினால் சட்டத்தின் பொய்யை உண்மையென்று ஒப்புக்கொள்வது ஆகிவிடும். "குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்ட இன்ன சமூகத்தினர் பற்றிய கடிதங்கள்" என்று எழுதினால் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது தெளிவாக நிற்கும். தேடுபவருக்கும் இரண்டு சொல்லும் அகப்படும். ஒரு வரி நீளம் கூடும், கூடட்டும்.

பெண்களின் பெயரையும் பாருங்கள். பழைய விவரணைகளில் "இன்னாரின் மனைவி" என்றே பலர் கிடக்கிறார்கள். கடிதத்தின் அடியில் அவர் தன் பெயரை எழுதியிருந்தால் அதைப் பட்டியலில் ஏற்றுவதற்கு எந்தக் கொள்கை விவாதமும் தேவையில்லை.

"இந்தப் பட்டியலில் புண்படுத்தும் சொற்கள் இருக்கலாம்" என்று எச்சரிக்கைப் பலகை வைத்தால் போதாதா?

பல நூலகங்களும் காப்பகங்களும் அப்படி ஓர் அறிவிப்பை வைத்திருக்கின்றன. வைக்கலாம். ஏன் அந்தச் சொற்கள் இருக்கின்றன, எவை அசல் ஆவணத்திலிருந்து வந்தவை, எவை நாங்கள் எழுதியவை, திருத்தக் கோர யாரை அணுகுவது என்று அதில் இருந்தால் பயன் உண்டு. அறிவிப்பை மாட்டிவிட்டுப் பட்டியலைத் தொடாமல் விட்டால் அது பள்ளத்தை மூடாமல் பலகை வைப்பதுதான்.

டியூயி எண்களிலேயே சாய்வு இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

உண்மை. மதங்களுக்கான 200 வரிசையில் 220 முதல் 289 வரை பைபிளுக்கும் கிறித்தவத்துக்கும். உலகின் மற்ற மதங்கள் எல்லாம் 290க்குள் நெருக்கியடித்து, இந்து மதம் 294.5இல். ஆனால் எண்ணை மாற்றினால் முதுகுச் சீட்டையும் மாற்ற வேண்டும், நூலை எடுத்து வேறு அலமாரியில் வைக்க வேண்டும். கனடாவில் பூர்வகுடிகளைச் சேர்ந்த பிரையன் டியர் 1970களில் தம் மக்களின் பார்வையிலிருந்து தனி வகைப்பாட்டையே உருவாக்கினார். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பூர்வகுடி நூலகம் அதன் ஒரு வடிவத்தை இன்றும் பயன்படுத்துகிறது. ஆள்பலம் இல்லாத நூலகங்கள் முதலில் தலைப்புகளையும் குறிப்புகளையும் பார்ப்பது நல்லது.

எங்களுடையது சின்ன நூலகம். இருப்பது ஒரே பட்டியலாளர். எங்கே தொடங்குவது?

பட்டியல் முழுவதையும் அலசத் தேவையில்லை. உங்களுக்கே தெரிந்த பத்துப் பதினைந்து சொற்களை எழுதிக்கொண்டு உங்கள் பட்டியலிலேயே தேடுங்கள். சாதி இழிபெயர்கள், "அரிஜன்", "குஷ்டரோகி", "பைத்தியம்", "அலி", "ஊனமுற்றோர்", ஆங்கிலத் தலைப்புகளில் "ஹேண்டிகேப்டு", "ஜிப்ஸிஸ்", "இல்லீகல் ஏலியன்ஸ்". கிடைத்தவற்றை நூல் பெயரில் வந்தவை, நூலகம் எழுதியவை என்று இரண்டாகப் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது. நூல் பெயரில் வந்தவற்றை விட்டுவிடுங்கள்.

கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பல பதிவுகளை ஒரே நேரத்தில் திருத்தும் வசதி அதிலேயே இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன் கட்டாயம் எல்லாப் பதிவுகளையும் ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்துங்கள். தலைப்புகள் கட்டுப்பாட்டுப் பதிவோடு இணைந்திருந்தால் ஒரு இடத்தில் மாற்றினால் எங்கும் மாறும். அந்தந்தப் பதிவில் கையால் தட்டியிருந்தால் ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும். தமிழ்ப் பதிவுகளில் இன்னொரு சிக்கல்: ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் ஏற்றியவை தேடலிலேயே அகப்படாது. அவற்றை மாற்றுவது தனி வேலை.

காங்கிரஸ் நூலகத்தின் தலைப்பே தவறு என்று தோன்றினால் சாக்கோ என்ற கூட்டுத் திட்டம் வழியாக மாற்றம் முன்மொழிய வழி இருக்கிறது. நூல்களிலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் வழக்குச் சான்றுகளை இணைக்க வேண்டும். தமிழ்ச் சமூகங்களின் பெயர்கள், நம் பண்டிகைகள், நம் கலைகள் தொடர்பான தலைப்புகளில் சான்று காட்டக்கூடியவர்கள் நம்மிடம்தான் இருக்கிறார்கள்.

நான் வாசகர் மட்டுமே. பட்டியலில் ஒரு சொல் கண்ணில் பட்டது. என்ன செய்யலாம்?

அந்தப் பதிவின் இணைப்பையோ நூலின் அழைப்பு எண்ணையோ குறித்துக்கொண்டு நூலகருக்கு எழுதுங்கள். எந்தச் சொல், எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். பதிலுக்கு எதை வைக்கலாம் என்று தோன்றினால் அதையும் சேர்த்து எழுதுங்கள், கட்டாயமில்லை. உங்கள் சமூகத்தைப் பற்றிய சொல்லாக இருந்தால் அதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். எதற்காகப் புண்படுகிறீர்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பை எந்த நூலகரும் உங்கள் மேல் சுமத்தக்கூடாது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், கல்லூரி என்றால் நூலகக் குழுவில் உள்ள ஆசிரியரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.